அறுபதாம் பக்கத்தில் கொலையாளி பிடிபட்டால் மர்ம நாவல் தோற்றுவிட்டதா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். திருகோணமலையில் எட்டுப் பேர் சேர்ந்து மாதம் ஒரு நாவல் வாசிக்கிறீர்கள். போன மாதம் ஒரு மர்ம நாவல், 280 பக்கம். அறுபதாம் பக்கத்திலேயே கொலையாளி இன்னார் என்று உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது. கடைசியில் அதுவே சரியாகவும் வந்தது. "அப்ப இது சரியில்லாத நாவல்" என்று நீங்கள் சொல்ல, மற்றவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். இப்போது குழுவின் கொப்பியில் உங்கள் அபிப்பிராயத்தை எழுதவேண்டும். மற்ற நாவல்களுக்கு எழுதுகிற மாதிரியே இதற்கும் எழுதலாமா என்பது உங்கள் கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு புத்தகத்தைப் பற்றிய கேள்வி. அடியில் கிடக்கிற கேள்வி வேறு: ஊகித்துவிட்டேன் என்பது ஒரு நாவலுக்கு எதிரான சாட்சியாகுமா? அது தனியே சாட்சியாகாது. என்ன சேர்ந்தால் சாட்சியாகும் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன். அந்த நாவலை நான் பார்க்கவில்லை, ஆகவே உங்களுக்கும் மற்ற ஏழு பேருக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அளவுகோலை மட்டும் தருகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சந்தேகத்துக்குரிய ஆட்கள் ஆறு பேர் என்று வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒருவரைக் காட்டினாலும் ஆறில் ஒரு பங்கு சரிவரும். எட்டுப் பேர் தனித்தனியே இப்படிக் காட்டினால், குறைந்தது ஒருவருக்காவது சரிவரும் வாய்ப்பு நூற்றுக்கு 77. அதாவது உங்கள் குழு எந்த மர்ம நாவலை எடுத்தாலும், "எனக்கு முந்தியே தெரியும்" என்று சொல்ல ஒருவர் அநேகமாக இருப்பார். இதில் நினைவு செய்கிற கள்ளவேலையும் உண்டு. வாசிக்கிறபோது நாம் ஒருவரை மட்டும் சந்தேகிப்பதில்லை. இருபதாம் பக்கத்தில் மருமகன், நாற்பதில் கணக்கப்பிள்ளை, அறுபதில் டொக்டர் என்று மாறிக்கொண்டே போகும். முடிவில் டொக்டர் என்று வந்தவுடன் மற்ற இரண்டும் மறந்துபோகும். ஆகவே "தெரியும்" என்பதை எழுதிவைத்த துண்டு இல்லாமல் நம்பக்கூடாது, சொன்னது நாமே என்றாலும்.

அடுத்தது, எப்படித் தெரிந்தது என்பது. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று தடயத்தைக் கோத்துப் பிடிப்பது. மற்றது ஆளை எண்ணிப் பிடிப்பது. படத்தில் நல்ல பெயரெடுத்த நடிகர் ஒருவர் ஐந்து நிமிட வேடத்தில் வந்து சிரித்துவிட்டுப் போனால், இடைவேளைக்கு முன்னமே பக்கத்துச் சீட்டுக்காரர் "இவன்தான்" என்பார். நாவலிலும் அப்படித்தான். கதைக்கு ஒரு வேலையும் செய்யாமல் அடிக்கடி தேநீர் கொண்டுவருகிற ஆள், எல்லோருக்கும் உதவி செய்கிற ஆள், முதல் அத்தியாயத்தில் பெயரும் ஊரும் சொல்லப்பட்டுப் பிறகு நூறு பக்கம் காணாமற்போகிற ஆள், இவர்கள்மேல் பழகின வாசகருக்குக் கண் போகும். இது தடயம் பார்த்ததல்ல, கட்டுமானத்தைப் பார்த்தது. வருடத்துக்கு நாற்பது மர்ம நாவல் வாசிக்கிறவருக்கு இது மூக்கில் தெரியும், புதிதாக வாசிக்கிறவருக்குத் தெரியாது. ஆகவே இந்த வகையில் பிடித்திருந்தால் அது பெரும்பாலும் உங்கள் வாசிப்பு வயதைக் காட்டும். நாவலாசிரியர் பேரிலும் கொஞ்சம் பிழை உண்டு: அந்த ஆளுக்குக் கதையில் வேறொரு நியாயமான வேலை கொடுத்து மறைத்திருக்கவேண்டும். ஆனால் அது சின்னப் பிழை. நாவலையே தள்ளிவிடப் போதாது.

பெரிய பிழை எது என்று கேட்டால், கணக்கில் கள்ளம் விடுவதுதான். துப்பறிபவருக்குத் தெரிந்தது வாசகருக்கும் தெரியவேண்டும் என்ற உடன்பாடு மர்ம நாவலில் மெல்ல மெல்ல இறுகி வந்தது. எட்கர் அலன் போவின் 1841ஆம் ஆண்டுக் கதையோடு இந்த வகை தொடங்குகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். விதி என்று எழுதிவைத்தது பிறகு. ரொனால்ட் நொக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1929இல் பத்துக் கட்டளை எழுதினார்: குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே வந்திருக்கவேண்டும், பேய் பிசாசு கூடாது, தற்செயலாகத் துப்புத் துலங்கக்கூடாது, இரட்டைப் பிள்ளைகள் வருவதானால் வாசகரை முன்னமே தயார்ப்படுத்தவேண்டும் என்றெல்லாம். பாதி பகிடியாக எழுதியதுதான், ஆனாலும் உதவும். எலரி குயீன் என்ற பெயரில் எழுதிய ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருவர் அதே 1929இல் வந்த முதல் நாவலிலேயே, முடிவுக்குச் சற்று முன் கதையை நிறுத்தி, "தேவையான எல்லாம் உங்களிடம் வந்துவிட்டது, இனிச் சொல்லுங்கள்" என்று வாசகருக்குச் சவால் விட்டார்கள். இந்த உடன்பாட்டின்படி பார்த்தால், ஒருவராலும் ஊகிக்கவே முடியாத முடிவுதான் சந்தேகத்துக்குரியது. எட்டுப் பேரில் இரண்டு பேர் பிடித்து ஆறு பேர் தவறவிட்டிருந்தால் நாவல் அநேகமாக நேர்மையானது. எட்டுப் பேரும் தவறவிட்டிருந்தால், திரும்பிப் போய்ப் பார்க்கவேண்டும்.

அந்தத் திரும்பிப் பார்ப்பதில்தான் மர்ம நாவலின் தரம் வெளிவரும். கிட்ட வைத்துக் காட்ட, இதற்கென்றே கட்டிய ஒரு துண்டைப் பாருங்கள். கதை ஆனி மாதத்தில் திருகோணமலையில் நடக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பெண் தண்ணீர் அள்ளுகிறாள். வாளி கிணற்றின் அடியில் தட்டுகிறது. "மாசியில் பெய்ததுதான், கச்சான் காற்று தொடங்கிவிட்டது" என்று முணுமுணுக்கிறாள். (கச்சான் என்பது கிழக்கில் வறண்டு வீசுகிற தென்மேற்குக் காற்று.) கதை நகர்கிறது. பதினோராம் அத்தியாயத்தில், மூன்று நாளாக உப்புவெளியை விட்டு அசையவில்லை என்று சொல்லும் ஒருவருடைய வீடு. "விறாந்தை மேசையில் வெற்றிலைத் தட்டம், பாதி குடித்து ஆறிப்போன பிளேன்ரீ, ஈரம் காயாமல் மடித்துவைத்த குடை, முதல்நாள் பத்திரிகை. உள்ளே யாரோ வீரிட்டுக் கத்தினார்கள்." அவ்வளவுதான். மழையே இல்லாத ஊரில் குடை ஏன் நனைந்தது? தென்மேற்குப் பருவமழை கொழும்பில் கொட்டுகிற காலம் அது. அங்கிருந்து இரவு மெயில் ரயிலில் ஏறி விடியற்காலை வந்து இறங்கியவருடைய குடை, மடித்து உறையில் போட்டால், மறுநாளும் உள்மடிப்பில் ஈரமாகத்தான் இருக்கும். ஆள் பொய் சொல்கிறார்.

இதில் ஆசிரியர் செய்ததைப் பிரித்துப் பாருங்கள். தடயத்தை நான்கு பொருளின் நடுவே மூன்றாவதாக வைத்தார். முதலாவதும் கடைசியும்தான் மனதில் நிற்கும், நடு நழுவும். அடுத்த வரியிலேயே ஒரு கூச்சலைப் போட்டுக் கண்ணை இழுத்துவிட்டார். அந்தக் குடைக்குப் பொருள் தருகிற கிணற்றை எட்டு அத்தியாயம் முன்னால் வைத்தார். கிணறு இல்லாவிட்டால் இது கள்ளாட்டம். ஆனியில் கிழக்கு காய்ந்து கிடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும், சென்னையில் அல்லது ரொறன்ரோவில் இருந்து வாசிக்கிறவருக்கு ஏன் தெரியவேண்டும்? பொது அறிவு என்று ஆசிரியர் நினைப்பது ஊருக்கு ஊர் மாறும். ஆகவே துலக்கத்துக்கு வேண்டிய அறிவு நாவலுக்குள்ளேயே இருக்கவேண்டும். இன்னும் ஒன்று பாக்கி. "குடையைக் கழுவிக் காயப்போட்டிருக்கலாமே" என்று கேட்கிற ஒருவர் எந்தக் குழுவிலும் இருப்பார். அவர் கேட்பது நியாயம். நல்ல ஆசிரியர் அந்தக் கதவையும் அடைத்திருப்பார். சோம்பேறி ஆசிரியர் துப்பறிபவரின் வாயால் "ஐயமே இல்லை" என்று சொல்லவைத்துத் தப்பிவிடுவார். "ஐயமே இல்லை" என்ற வார்த்தை வருகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைப்பது நல்ல பழக்கம். ஓட்டை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இனி, அபிப்பிராயம் என்று சொல்லித் தப்ப முடியாத பிழைகள் சில உண்டு. இவை ரசனைக்கு உட்படாதவை. உங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலக் கரைகளில் வற்றுப்பெருக்கு பல மீற்றர் வித்தியாசப்படும், பிறிஸ்டல் கால்வாய்ப் பக்கம் பத்து மீற்றருக்கும் மேலே போகும். அதனால் கடல் ஏறி உடலை மறைத்தது, காலடியை அழித்தது, குகை வாசலை மூடியது என்ற கதை அங்கே பொருந்தும். அதைத் தூக்கிக்கொண்டு வந்து உட்துறைமுகத்திலோ நிலாவெளியிலோ வைத்தால் நிற்காது. இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஒரு மீற்றர்கூட இல்லை. கடல் ஏறி மறைக்கவேண்டுமானால் வாடைக் காலத்துக் கொந்தளிப்பைப் பயன்படுத்தவேண்டும், கதையைக் கார்த்திகை மார்கழிக்குத் தள்ளவேண்டும். அதேபோல மூதூர், கிண்ணியாப் பக்கம் நடக்கிற கதையில் ஆண்டு முக்கியம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. அதற்கு முந்திய கதையில் இரவில் அக்கரைக்குப் போனவரைப் பாதைக்காரர், அதாவது ஆட்களை அக்கரைக்கு ஏற்றுகிற மிதவையை ஓட்டுபவர், கண்டிருப்பார், அது ஒரு இறுகிய சாட்சி. பிந்திய கதையில் மோட்டார் சைக்கிள் இருந்தால் போதும், சாட்சி உடைந்துவிடும். ஆண்டைச் சொல்லாமல் நழுவுகிற நாவல் இந்த இடத்தில் நொண்டும்.

மருத்துவப் பிழை இன்னும் மலிவு. "உடல் சூட்டை வைத்துப் பார்க்கும்போது இரவு 10.15க்கு இறந்திருக்கிறார்" என்று டொக்டர் சொல்வதை எத்தனையோ நாவலில் காணலாம். குளிர் நாட்டிலேயே இப்படி நிமிடக் கணக்கில் சொல்ல முடியாது, மணிக்கணக்கில் ஒரு இடைவெளிதான் சொல்வார்கள். உடலின் சூடு 37 பாகை. திருகோணமலையில் கச்சான் காலத்தில் காற்றே 33, 34 என்று நிற்கும். ஆறுவதற்கு இடமேது? விறைப்பு தாடையிலும் கழுத்திலும் இரண்டு முதல் நான்கு மணிநேரத்தில் தொடங்கி, ஏறக்குறைய பன்னிரண்டு மணிநேரத்தில் உடல் முழுக்கப் பரவி, பிறகு தளரும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. வெக்கையில் இது எல்லாம் முந்தும். குளோரோஃபோம் நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்ததும் ஆள் சரிவதும் கட்டுக்கதை, அதற்குச் சில நிமிடமாவது வேண்டும். அதற்குள் அயல் முழுக்கக் கேட்கும்.

சட்டம் இன்னொரு சறுக்குமிடம். இலங்கையை வைத்து எழுதுகிறவர்களே தமிழகத்து நாவல் நடைமுறையை அப்படியே எடுத்துவிடுகிறார்கள். இங்கே சந்தேகச் சாவு என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார், நீதவானுக்கு அறிக்கை போகும், சட்ட வைத்திய அதிகாரி பிரேத பரிசோதனை செய்வார். எல்லாவற்றையும் ஒரு இன்ஸ்பெக்டர் தனியாளாக முடிப்பதில்லை. கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் மண்டபத்தில் கூட்டிவைத்து, கொலையாளி பொலிசுக்கு முன்னால் அழுது ஒப்புக்கொள்வதும், அத்தோடு வழக்கு முடிந்ததென்று திரை விழுவதும் இங்கே செல்லாது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, சாதாரணக் கொலை வழக்கில் பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் சாட்சியாக வைக்க முடியாது. அப்படியானால் அந்த நாவலில் உண்மையில் மிஞ்சுவது என்ன? ஒப்புதலைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கையில் ஒரு தடயமாவது நிற்கிறதா? மர்ம நாவலைச் சோதிக்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. கொலையாளி வாய் திறக்காமல் இருந்திருந்தால் துப்பறிபவர் நிரூபித்திருப்பாரா என்று கேளுங்கள். பாதி நாவல் இந்த இடத்தில் விழும்.

தமிழ் மர்ம நாவலை வைத்து எழுதும்போது ஒரு நியாயமும் பார்க்கவேண்டும். பண்டித நடேச சாஸ்திரியின் 1894ஆம் ஆண்டுத் துப்பறியும் நூலிலிருந்து பார்த்தால் நூற்று முப்பது வருடத்துப் பழக்கம் இது. இதில் பெரும் பங்கு வாராந்தத் தொடராகவோ மாதாந்த நாவலாகவோ வந்தது. தொடருக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு திடுக்கிடல் வேண்டும், ஆகவே முன்பாதியில் முடிச்சு மேல் முடிச்சு விழும். மாத நாவலுக்குப் பக்கம் இவ்வளவுதான் என்ற கட்டு உண்டு, ஆகவே கடைசிப் பத்துப் பக்கத்தில் அவ்வளவும் அவிழும். அவசரமான முடிவுகளுக்கு இது காரணம், மன்னிப்பு அல்ல. அதேவேளை சுஜாதாவின் கணேஷ், வசந்த் கதைகளைத் திரும்ப வாசிக்கிறவர்கள் துலக்கத்துக்காக வாசிப்பதில்லை. கொலையாளி பெயர் மறந்துபோய் வசந்தின் வாய் மட்டும் நினைவிருக்கும் ஆட்கள் ஏராளம். மர்மம் சுமார், எழுத்து கெட்டி என்று ஒரு நாவலைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டையும் ஒரே புள்ளியாகக் கூட்டிப்போட்டால்தான் உங்கள் குழுவில் நடந்த மாதிரிச் சண்டை வரும். நீங்கள் ஒன்றுக்குப் புள்ளி போட்டீர்கள், அவர்கள் மற்றதற்குப் போட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மர்மம் வேறு, பதற்றம் வேறு என்பதையும் எழுதுமுன் பிரித்துக்கொள்ளவேண்டும். இதற்கு உங்கள் ஊரிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. திருகோணமலை இன்னாசித்தம்பி 1891இல் வெளியிட்ட ஊசோன் பாலந்தை கதையில் இரட்டைப் பிள்ளைகள் பிரிந்துபோகிறார்கள், ஒரு பிள்ளையைக் கரடி வளர்க்கிறது. வாசகருக்கு இது முதலிலேயே தெரியும். அண்ணன் தம்பி என்று தெரியாமல் அவர்கள் மோதுகிறபோது மனம் அடித்துக்கொள்வது தெரிந்திருப்பதனால்தான். நொக்ஸ் இரட்டையரைப் பற்றிக் கட்டளை போட ஏறக்குறைய நாற்பது வருடம் இருக்கும்போதே நம்மவர் அதைச் சரியாகக் கையாண்டுவிட்டார் என்று பகிடியாகச் சொல்லலாம். (அது ஒரு பழைய ஐரோப்பியக் கதையின் தழுவல் என்பதால் முழுப் புகழும் அவருக்கில்லை.) ஓஸ்டின் ஃப்றீமன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1912இல் இதைத் துப்பறியும் கதையிலேயே செய்து காட்டினார்: யார் செய்தது என்பதை முதலிலேயே காட்டிவிட்டு, எப்படிப் பிடிபடப் போகிறார் என்பதைக் கதையாக்கினார். உங்கள் நாவலாசிரியர் அறுபதாம் பக்கத்தில் வேண்டுமென்றே கையை விரித்துக் காட்டியிருந்தால், நீங்கள் பிடித்தது பிடிப்பே அல்ல, அவர் தந்ததை வாங்கியிருக்கிறீர்கள். அறுபதுக்குப் பிறகு மற்றப் பாத்திரங்களும் அந்த ஆளைச் சந்தேகிக்கத் தொடங்குகிறார்களா என்று பாருங்கள். தொடங்கியிருந்தால் அது இந்த வகை.

சமூக நாவல், சரித்திர நாவல்களுக்கு எழுதுகிற மாதிரியே எழுதலாமா என்றால், பாதி எழுதலாம். பேச்சு, ஆட்கள், இடம், மொழி எல்லாவற்றுக்கும் அதே அளவுகோல்தான். மாறுவது இரண்டு. சமூக நாவலில் முடிவு திறந்து கிடக்கலாம், மர்ம நாவலில் திறந்து கிடந்தால் கடன் பாக்கி. சமூக நாவலின் முடிவைக் கொப்பியில் எழுதினால் குற்றமில்லை, இதில் எழுதினால் அடுத்தவருடைய சாப்பாட்டில் மண் போட்ட மாதிரி. கதையைச் சொல்கிறபோது முதல் கால்வாசிக்கு மேல் போகாதீர்கள். 280 பக்கத்தில் 70. "கடைசித் திருப்பம் பிரமாதம்" என்றுகூட எழுதக்கூடாது. திருப்பம் உண்டு என்று தெரிந்த வாசகர் தெளிவாகத் தெரிகிற ஆளை உடனே விலக்கிவிடுவார், ஆறு பேர் ஐந்தாகிவிடும். "எவரையும் நம்பாதீர்கள்", "சொல்பவரையே கவனியுங்கள்" போன்றவை இதைவிட மோசம். அகதா கிறிஸ்ரியின் ரோஜர் அக்ராய்ட் கொலை பற்றிய 1926ஆம் ஆண்டு நாவல் நேர்மையானதா என்று இன்றும் வாதாடுகிறார்கள். நேர்மையானது என்பது என் கட்சி, காரணத்தை இங்கே எழுதினால் வாசிக்காதவருக்குக் கெட்டுவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன். நீங்களும் அப்படி விடலாம். கொப்பியில் முடிவைத் தொட்டே ஆகவேண்டுமென்றால் அந்தப் பகுதியைத் தனித்தாளில் எழுதி, மடித்து, ஒட்டி, வெளியே "வாசித்தவர் மட்டும்" என்று போட்டுவிடுங்கள்.

உங்கள் வழக்குக்கு இப்போது செய்யவேண்டியது சுருக்கம். முதல் அறுபது பக்கத்தை மறுபடி எடுத்து, அந்த ஆளைக் காட்டுகிற வரி ஒவ்வொன்றுக்கும் பென்சில் புள்ளி வையுங்கள். மூன்று தடயம் அங்கேயே வெளிச்சமாகக் கிடந்து, மிச்ச இருநூற்றிருபது பக்கத்தில் வேறு ஒருவர்மீதும் நியாயமான சந்தேகம் எழாவிட்டால் உங்கள் குறை சரி, அப்படியே எழுதுங்கள், பக்க எண் போட்டு எழுதுங்கள். புள்ளியே விழாமல், "ஆளைப் பார்த்தால் அப்படித் தெரிந்தது" என்பதுதான் மிஞ்சினால், அதையும் மறைக்காமல் அப்படியே எழுதலாம். வாசிக்கிறவர் அதற்கேற்ற எடை போடுவார்.

அடுத்த மர்ம நாவலுக்கு இப்படி ஒழுங்குசெய்து பாருங்கள். முக்கால்வாசியில், 280 பக்கமென்றால் 210இல், எல்லோரும் நிறுத்துங்கள். ஒவ்வொருவரும் ஒரு துண்டில் ஒரு பெயரும் மூன்று காரணமும் எழுதி, மடித்து, ஒரு பால்மாப் பேணிக்குள் போடுங்கள். காரணம் இல்லாத பெயர் கணக்கில் சேராது. எழுதி முடியும்வரை ஒருவரும் வாய் திறக்கக்கூடாது, பலமாகக் கதைக்கிற ஒருவர் முதலில் சொல்லிவிட்டால் மற்ற ஏழு துண்டும் அவருடையதாகிவிடும். பின்னட்டைக் குறிப்பு கதையின் பாதியைக் கக்கிவிடுவதுண்டு, பத்திரிகைத் தாளால் உறை போட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. நூலகப் பிரதியானால் இன்னொன்று. முன்னர் இரவல் எடுத்த புண்ணியவான் யாராவது முதல் பக்கத்திலேயே "கொலையாளி இவர்தான்" என்று பேனையால் எழுதி அம்புக்குறியும் போட்டிருப்பார். வாசிக்கப்போகாத வீட்டுக்காரர் ஒருவரிடம் புத்தகத்தைக் கொடுத்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டி, அப்படி ஏதும் கண்டால் மேலே ஒரு கடதாசித் துண்டை ஒட்டித் தரச்சொல்லுங்கள்.